செம்பாறை வளைவில் நான்கு கம்புகள்

லே,
3 டிசம்பர் 1986

அச்சோ,

உங்கள் தம்பி ஜிக்மெத் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாமல் நாலு வரியாவது படியுங்கள். அம்மாவை எரித்த அன்றைக்குப் பிறகு நமக்குள் பேச்சு இல்லை. ஆறு வருஷம் ஆகிவிட்டது. அண்ணன் தம்பி சண்டையைத் தீர்க்க இதை எழுதவில்லை. பயத்தில் எழுதுகிறேன்.

பதினாறு வருஷமாக ஆற்றோரச் சாலையில் பஸ் ஓட்டுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் பயமே இருந்ததில்லை. போன மாதம் துங்ரி கணவாய்க்கு மண்ணெண்ணெய் லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டும்போது பனிப்பாளத்தில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். அவர் இடத்தில் ஜனவரியிலிருந்து என்னைப் போட்டிருக்கிறார்கள். முடியாது என்றால் பஸ்ஸும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒன்பது கிராமத்துக்கு அடுப்பு எரிய வேண்டும் என்றால் அந்த லாரி போய்த்தான் ஆக வேண்டும்.

ஏறுவது ஒரு மாதிரி சமாளித்துவிடுவேன். வடக்குச் சரிவில் இறங்குவதை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை. இடது கை ஓரத்தில் ஆயிரம் அடிப் பள்ளம் என்கிறார்கள். அந்தச் சாலையில் பன்னிரண்டு வருஷமாக மூத்த டிரைவராக இருக்கிற அஸ்கர் காக்காதான் எனக்கு முன்னால் போவார். நல்ல மனுஷன், ஆனால் வாய் அடங்காது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னப்பா, முதல் ராத்திரிக்குப் போற பொண்ணு மாதிரி நடுங்குறே? மலை உன்னைக் கட்டிக்கப் போறதில்ல, சும்மா ஒரு தடவ பாக்கும், அவ்வளவுதான்” என்றார். டிப்போவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தச் சரிவில் ஒவ்வொரு வளைவும் உங்களுக்குத் தெரியும். பதினோரு வருஷம் அங்கே சாலை மேற்பார்வையாளராக இருந்தீர்கள். எங்கே கவனிக்க வேண்டும், எதைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும் என்று எழுதினால் போதும். வீட்டில் டிஸ்கித்தும் எழுதச் சொன்னாள். “உங்க அண்ணன் நம்மகிட்டதான் கோணல், வேலையில கோணல் கிடையாது” என்றாள்.

ஜிக்மெத்


ஸ்ரீநகர்,
14 டிசம்பர் 1986

நோனோ,

உன் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. காகிதத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது.

உன் மனைவியின் சான்றிதழுக்கு நன்றி. கோணல் யாரிடம் என்பதை அவள் குடியிருக்கிற வீட்டிடமே கேட்கட்டும். மூத்தவனுக்குப் பெரிய வீடு, இளையவனுக்கு வெளியில் ஒரு பிழைப்பு, இதுதான் நம் ஊர் வழக்கம். நான் இதே ஸ்ரீநகரில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்த நான்கு வருஷத்துக்குள் அம்மா அடுக்களைச் சாவியை உன் இடுப்பில் கட்டிவிட்டாள். படித்துவிட்டுத் திரும்பி வந்தவனுக்குக் கிழவர்கள் ஒதுங்குகிற சின்ன வீடு கிடைத்தது. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. இதை மறந்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. நினைவில் வைத்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

இப்போது இங்கே ஒரு கிடங்கில் சாலை வரைபடங்களைப் பிரதி எடுக்கிற வேலை. கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். வடக்குச் சரிவின் சாலை முகாமுக்குப் புதிதாக வந்திருக்கிற பொறியாளருக்கு இருபத்தாறு வயது. கூலியாட்கள் நடுவில் நிறுத்திவைத்து என் ஆங்கில அறிக்கையைத் திருத்தினான். அவன் பிறப்பதற்கு முன்பே நான் பட்டம் வாங்கியவன். அவன் கீழே இன்னொரு குளிர்காலம் இருக்க எனக்கு விருப்பமில்லை. மார்ச்சில் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. முப்பது வருஷத்தில் முதல் முறையாக அதில் என் பெயர் இருக்கிறது என்று சொல்கிறார்கள். வந்தால் அவனுக்குச் சமமாக உட்காருவேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன்.

கணவாய் உச்சியிலிருந்து வடக்கு முகாம் வரை பள்ளத்து ஓரத்தில் இருநூற்றுப் பதினான்கு கம்புகள் நிற்கின்றன. கல் நிரப்பிய எண்ணெய்ப் பீப்பாயில் செருகிய கம்புகள், சிவப்பும் வெள்ளையும் பூசியவை. இந்த வருஷமும் நான்தான் நட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் எண் உண்டு; மைல் கல்லிலிருந்து எத்தனை அடி என்ற கணக்கும் உண்டு. உச்சியைத் தாண்டியதும் முதல் கம்பைத் தேடு. அது உன் இடது முழங்கைக்கு நேராக வரட்டும். அது பின்னால் போவதற்குள் அடுத்தது தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் நில். தெரிந்தால் போ. மேகமும் பனியும் ஒன்றாகி வானம் எது, தரை எது என்று தெரியாமல் போகும். அப்போது கண்ணை நம்பாதே, கம்பை நம்பு. பிரேக்கில் கால் வைக்காதே, இரண்டாம் கியரில் இறக்கு. இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும், அதனால் இடது ஓரம் உனக்குத்தான் வரும்.

கம்பு இருக்கிற இடம் வரை சாலை. அதற்கு அப்புறம் காற்று. இதற்கு மேல் அந்தச் சரிவில் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

பல்தன்


லே,
12 ஜனவரி 1987

அச்சோ,

உங்கள் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டியில் கண்ணாடிக்கு மேலே செருகி வைத்திருக்கிறேன். போய்த் திரும்பிவிட்டேன். உயிரோடுதான் எழுதுகிறேன்.

விடியும்போது, ஏற்றம் தொடங்குகிற தெற்கு வாசலில் டீசல் கெட்டியாகிவிட்டது. அஸ்கர் காக்கா தன் வண்டித் தொட்டிக்கு அடியில் துணிப்பந்தத்தைக் கொளுத்தி வைத்துவிட்டு, என் தொட்டிக்கும் ஒன்றைத் தள்ளினார். நான் தள்ளி நின்றேன். “பின்னால எட்டாயிரம் லிட்டர் மண்ணெண்ணெய் இருக்கு, காக்கா” என்றேன். “அதனாலதான் சீக்கிரம் சூடாகும்” என்றார். அந்த மனுஷனோடு இருக்கும்போது பயப்படக்கூட நேரம் கிடைப்பதில்லை.

ஏறி முடித்ததும் உச்சியில் கட்டியிருக்கும் மந்திரக் கொடிகளுக்கு அடியில் ஒரு நிமிஷம் நின்று எல்லோரும் மலைச் சாமிக்கு ஜெயம் என்று கத்தினோம். அஸ்கர் காக்காவும் தன் சாமி பெயரைச் சொல்லிக் கத்தினார். பிறகு இறக்கம். முன்னால் புல்டோசர் பனியைத் தள்ளிக்கொண்டு போனது. அதன் பின்னால் போன அஸ்கர் காக்கா வண்டியின் வாலில் எரிகிற சிவப்பு விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். வேறு எதுவும் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்னபடி கம்பு ஒவ்வொன்றாக முழங்கைக்கு வந்துகொண்டே இருந்தது. யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப் போகிற மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த இரண்டு மணி நேரம் உங்கள் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை.

பாதிக்குச் சற்று மேல் இறங்கியதும் செம்பாறை வளைவு வந்தது. அங்கே மட்டும் மூச்சு விட்டேன். மற்ற இடமெல்லாம் ஒற்றை வண்டி போகிற அகலம்தான். அங்கே புல்டோசர் வெட்டிய தடத்துக்கும் உங்கள் கம்புகளுக்கும் நடுவில் பன்னிரண்டு பதிமூன்று அடி அகலத்துக்கு மட்டமாகப் பனி கிடக்கிறது. ஆகஸ்டில் அங்கே வேலை நடந்ததாம். அகலப்படுத்தியிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று புல்டோசர்காரர் சொன்னார். அவரும் இந்த வருஷம்தான் புதிது. அஸ்கர் காக்காவைக் கேட்டேன். கோடை முழுக்க அவர் கார்கில் பக்கம் ஓட்டினாராம், அவரும் வேலையைப் பார்க்கவில்லை. “பல்தன் சாப் கம்பு நட்டிருக்காருன்னா அங்க ரோடு இருக்குன்னு அர்த்தம். அந்த ஆளு ஒரு கம்பு நட நாலு தடவ அளப்பாரு. எதிர்வண்டி வந்தா இனிமே இங்கதான் ஒதுங்கணும்” என்றார். அடுத்த நடையிலிருந்து அதுதான் ஏற்பாடு. வடக்கிலிருந்து காலி வண்டிகள் ஏறி வரும்போது நாங்கள் செம்பாறையில் கம்போரமாக ஒதுங்கி நிற்போம்.

நீங்கள் நட்ட கம்புகளை அந்நியர் இப்படிப் புகழும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவரிடம் நீங்கள் என் அண்ணன் என்று சொன்னேன்.

ஜிக்மெத்


ஸ்ரீநகர்,
21 ஜனவரி 1987

நோனோ,

உன் கடிதம் இன்று காலை வந்தது. ஐந்து நாளாக விமானம் இல்லை. இதுவும் எப்போது போய்ச் சேரும் என்று தெரியவில்லை. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

செம்பாறை வளைவில் கம்போரமாக ஒதுங்காதே. அங்கே எதிர்வண்டி வந்தால் வளைவுக்கு முன்பே, மேலேயே நின்றுகொள். வளைவுக்குள் போனால் மலையை ஒட்டி ஓட்டு. வலது பக்கக் கண்ணாடி பாறையில் உரசினாலும் சரி. அந்த ஒரு வளைவில் மட்டும் கம்பைப் பார்க்காதே.

காரணம் கேட்காதே. பனி அங்கே இளகலாக இருக்கும் என்று வைத்துக்கொள். அகலமாகத் தெரிகிற இடமெல்லாம் அகலம் இல்லை. பதினோரு வருஷம் அந்தச் சரிவில் இருந்தவன் சொல்கிறேன், அது போதாதா?

இதை டிப்போவில் எல்லோரிடமும் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். முகாமிலிருந்து யாராவது கேட்டால் நான் எழுதினேன் என்று சொல்ல வேண்டாம். நீ உன் வண்டியைப் பார்த்துக்கொள்.

கிடைத்ததும் ஒரு வரி எழுது.

பல்தன்


லே,
2 பிப்ரவரி 1987

அச்சோ,

உங்கள் கடிதம் நேற்றுதான் கிடைத்தது. பத்து தடவை படித்தேன். டிஸ்கித்தும் படித்தாள். இரண்டு கடிதத்தையும் அடுப்புப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

முதல் கடிதத்தில் கண்ணை நம்பாதே, கம்பை நம்பு என்று எழுதினீர்கள். இரண்டாவதில் கம்பைப் பார்க்காதே என்கிறீர்கள். காரணம் கேட்காதே என்கிறீர்கள். யாரிடமும் சொல்லாதே என்கிறீர்கள். சாலைக்காரர்கள் ஓர் இடம் ஆபத்து என்றால் கொடி நட்டுக் கத்துவார்கள். காதோடு சொல்ல மாட்டார்கள்.

நான் விசாரித்தேன், உங்கள் பெயரைச் சொல்லாமல். செம்பாறையில் மலையை ஒட்டிப் போவது தற்கொலை என்கிறார் புல்டோசர்காரர். போன வாரம் அங்கே மேலிருந்து இரண்டு முறை பனி சரிந்திருக்கிறது. இரண்டாவது முறை புல்டோசரின் கூண்டு வரை மூடிவிட்டதாம். “அந்த வளைவுல எவ்வளவு வெளிய நிக்கிறியோ அவ்வளவு நல்லது” என்றார். அஸ்கர் காக்காவும் அதையேதான் சொல்கிறார். இரண்டு நடை அவர் அங்கே கம்போரமாக ஒதுங்கி நின்றுவிட்டார். ஒன்றும் ஆகவில்லை.

மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன். அம்மாவை எரித்துவிட்டு வந்த அன்று வாசலில் நின்று என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். “இந்த வீட்டை நீ ஆள மாட்டே. உன்னை மலை வாங்கிக்கும்.” ஊரே கேட்டது. அப்போது ஆற்றோரத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன், மலை எனக்கு எங்கே வந்தது என்று நினைத்து விட்டுவிட்டேன். இப்போது மலையில் இருக்கிறேன்.

டிஸ்கித் நேராகவே கேட்டாள். “உங்க அண்ணனோட எந்தக் கடுதாசி நிஜம்? ஒண்ணு உங்களைப் பள்ளத்துல தள்ளுது, இன்னொண்ணு பனிக்குள்ள புதைக்குது.” அவளை அதட்டினேன். அதட்டிவிட்டு வெளியே போய் வெகு நேரம் நின்றேன். கூடப் பிறந்தவர் மேல் இப்படி ஒரு சந்தேகம் என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது? அஸ்கர் காக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர் உங்களை அவ்வளவு பெரிதாக நினைக்கிறார். நீங்களும் சொல்லாதே என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அதனால் சொல்லவில்லை.

பத்தாம் தேதி தெற்கு வாசலுக்குப் போகிறேன், பதினொன்று விடிந்ததும் ஏற்றம். பனிப்புயல் வரும் என்று ரேடியோவில் சொல்லியிருக்கிறார்கள். ஏன் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். என்னைத் திட்டியாவது எழுதுங்கள். காரணம் தெரிந்தால் நம்புவேன்.

ஜிக்மெத்


ஸ்ரீநகர்,
9 பிப்ரவரி 1987

ஜிக்மெத்,

உன் கடிதம் இன்று மதியம் கைக்கு வந்தது. படித்துவிட்டு நேராகத் தந்தி அலுவலகத்துக்குப் போனேன். பொறியாளருக்கு ஒன்று, உனக்கு ஒன்று. எழுத்தர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி இரண்டு முறை படித்துக் காட்டினார். “செம்பாறை வளைவு. கம்பு 118 முதல் 121 வரை தவறு. அங்கே சாலை இல்லை. வண்டிகளை நிறுத்துங்கள். நட்டது நான். பல்தன்.” ‘நட்டது நான்’ வேண்டாமே, இரண்டு சொல் குறையும் என்றார் எழுத்தர். இருக்கட்டும் என்றேன். இந்தக் கடிதம் தந்திக்குப் பின்னால்தான் வரும். ஆனாலும் காரணம் கேட்டாய். அதைத் தந்தியில் எழுத முடியாது.

ஜூலையில் வெள்ளம் வந்து செம்பாறையில் சாலையின் வெளிப்பாதியை அரித்துவிட்டது. மேலே ஒரு தட்டு மட்டும் பல்லில்லாத வாயின் மேலுதடு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது, அடியில் ஒன்றும் இல்லை. ஆகஸ்டில் பொறியாளன் பதினான்கு அடி உள்ளே தள்ளி, பாறையைக் குடைந்து புதுத் தடம் போட்டான். நான் அப்போது கீழ்ப் பகுதியில் இருந்தேன். மேலே வெடிச் சத்தம் கேட்டது, புழுதி தெரிந்தது. போய்ப் பார்க்கவில்லை. அவன் வேலையைப் போய்ப் பார்ப்பதா என்று இருந்துவிட்டேன்.

அக்டோபர் பத்துக்குள் கம்பு நட்டு முடிக்கச் சொன்னான். அறிக்கையைத் திருத்தியதும் அந்த வாரம்தான். காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பத்து நாள் அறையில் படுத்திருந்தேன். காய்ச்சல் இல்லை. எழுந்து போனபோது சரிவில் முழங்கால் அளவு பனி. தரை எதுவும் தெரியவில்லை. போன வருஷத்துப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு மைல் கல்லிலிருந்து அடி எண்ணி எண்ணி நட்டேன். செம்பாறையில் பீப்பாய் உருட்டிக்கொண்டு வந்த கூலியாள் ஒருவன், தும்காவிலிருந்து பிழைக்க வந்தவன், நின்றுவிட்டான். “சாப், இங்க ரோடு உள்ள தள்ளிப் போச்சே, நான்தானே கல்லு சுமந்தேன்” என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “புத்தகத்துல இருக்கிறதைவிட உனக்கு அதிகம் தெரியுமோ?” அவன் பீப்பாயை நான் காட்டிய இடத்தில் வைத்தான். நான்கு பீப்பாய்கள். அந்தத் தட்டு எங்கள் இரண்டு பேரையும் தாங்கியது. உறைந்து கிடப்பதால் இரண்டு நடை லாரியைத் தாங்கியிருக்கிறது; எப்போதும் தாங்காது.

அதன் பிறகு அவன் சொன்னதை நான் நினைக்கவே இல்லை என்று எழுதினால் அது பொய். நினைத்தேன். நினைத்த ஒவ்வொரு முறையும், படிக்காதவன் உளறுகிறான் என்று சொல்லிக்கொண்டேன். ஜனவரி இருபத்தொன்று காலையில் செம்பாறை அகலமாக இருக்கிறது என்ற உன் கடிதம் வந்தது. மதியமே புதுத் தடத்தின் வரைபடம் பிரதி எடுக்க என் மேஜைக்கு வந்திருந்தது. பதிவேட்டு எண்களைப் பென்சிலால் அதன் மேல் குறித்தேன். நூற்றுப் பதினேழு வரை சரியாக வந்தது. நூற்றுப் பதினெட்டு கோட்டுக்கு வெளியே விழுந்தது. அடுத்த மூன்றும் அப்படியே.

அன்றைக்கே தந்தி அடித்திருக்க வேண்டும். பட்டியல் மார்ச்சில் வருகிறது என்று நினைத்தேன். அந்தப் பையன் முன்னால் தலை குனிய வேண்டும் என்று நினைத்தேன். உன்னை மட்டும் காப்பாற்றினால் போதும், பனி உருகியதும் யாருக்கும் தெரியாமல் நான்கு பீப்பாயையும் நகர்த்திவிடலாம் என்று கணக்குப் போட்டேன். உன்னை மட்டும். உன் முன்னால் போகிறவரைப் பற்றி நான் நினைக்கவில்லை. அவர் பெயரைக்கூட நீதான் எழுதியிருந்தாய்.

வாசலில் நின்று சொன்னதையும் ஒத்துக்கொள்கிறேன். அன்று அதை நினைத்துத்தான் சொன்னேன். ஆனால் அந்த நான்கு கம்புகளை உனக்காக நடவில்லை. நடும்போது நீ அந்தச் சாலைக்கு வருவாய் என்றே தெரியாது. இதையாவது நம்பு.

தந்தி போய்விட்டதா என்று இரண்டு முறை போய்க் கேட்டேன். லே வரை போய்விட்டது, அங்கிருந்து முகாமுக்குக் கம்பியில்லாத் தந்தியில் போக வேண்டும், மலையில் புயல் என்கிறார்கள். ஏறாதே, ஜிக்மெத். வேலை போனால் போகட்டும்.

பல்தன்


லே,
17 பிப்ரவரி 1987

அச்சோ,

லேயிலும் புயல், தந்திக்காரர் மூன்று நாள் வெளியே வரவில்லை; உங்கள் தந்தி பன்னிரண்டாம் தேதிதான் வீட்டுக்கு வந்தது. டிஸ்கித் வாங்கி வைத்திருந்தாள். முகாமில் கம்பியில்லாத் தந்திக் கம்பம் உறைந்துபோய் இரண்டு நாளாகச் செய்தியே கிடையாது. அங்கே பதினொன்றாம் தேதி சாயங்காலம்தான் கிடைத்திருக்கிறது. கடிதம் நேற்று வந்தது. நாங்கள் பதினொன்று காலையிலேயே உச்சியைத் தாண்டிவிட்டோம்.

மூன்று வண்டிகள். முன்னால் அஸ்கர் காக்கா, அடுத்தது நான், எனக்குப் பின்னால் ஒரு மாவு லாரி. உச்சியில் நிற்கும்போதே காற்று ஆரம்பித்துவிட்டது. திரும்பிவிடலாமா என்று கேட்டேன். “இங்க எப்படித் திருப்புவே? தூக்கியா?” என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. இறங்க இறங்க எல்லாமே வெள்ளையாகிவிட்டது. புல்டோசர் தடம் மூடிப்போயிருந்தது. அவர் வண்டியின் பின்விளக்கு தெரியும், மறையும். கம்பு ஒன்று வரும், போகும். நான் எண்ணிக்கொண்டு வந்தேன். நூறைத் தாண்டியதும் செம்பாறை வருமே என்று வேகத்தைக் குறைத்தேன்.

செம்பாறைக்குள் நுழைந்ததும் எதிரே விளக்கு தெரிந்தது. கீழேயிருந்து காலி வண்டி ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது. அஸ்கர் காக்கா வழக்கப்படி இடது பக்கம் விளக்கு போட்டு, கம்போரமாக ஒதுங்கினார். நிதானமாக, ஓர் அவசரமும் இல்லாமல். எனக்கும் ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்தார். அவர் பின்னால் எனக்கு நிறைய இடம் இருந்தது.

நான் நின்றுவிட்டேன். நடுச்சாலையில், எதிர்வண்டி வருகிற தடத்திலேயே நின்றேன். கம்புப் பக்கமும் போகவில்லை, மலைப் பக்கமும் போகவில்லை. ஏன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் எச்சரிக்கையை நம்பி நான் நிற்கவில்லை. உங்கள் இரண்டு கடிதங்களில் எது என்னைக் கொல்ல எழுதியது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இரண்டையும் செய்யாமல் நின்றேன். உங்கள் மேல் எனக்கு இருந்த பயம்தான் பிரேக்கை மிதித்தது. உங்களை நம்பியவர் அஸ்கர் காக்கா.

பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவர் வண்டியின் முன்பக்கம் மெதுவாகத் தாழ்ந்தது, யாரோ குனிந்து எதையோ எடுக்கிற மாதிரி. பின்விளக்கு இரண்டும் மேலே தூக்கிக்கொண்டு என் கண்ணுக்கு நேராக நின்றன. பிறகு அங்கே பனி மட்டும் பெய்துகொண்டிருந்தது. ஒரு கம்பு மட்டும் மீதி நின்றது.

எதிர்வண்டிக்காரர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே இறங்கி வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

பதினாலாம் தேதிதான் கீழே போய் எடுக்க முடிந்தது. பொறியாளரும் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். சின்னப் பையன்தான். அழுதார். உங்கள் தந்தியைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதன் நகலை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன் என்று மட்டும் சொன்னார். உங்களைக் கூப்பிடுவார்கள்.

இதுவரை உங்களுடையது. இனி எழுதுவது என்னுடையது.

நேற்று அஸ்கர் காக்கா வீட்டுக்குப் போனேன். ஆண்கள் எல்லாம் வெளியே போன பிறகு அவர் மனைவி ஸகீனா அச்சே என்னை உள்ளே கூப்பிட்டு அடுப்புப் பக்கம் உட்காரவைத்தார்கள். கோப்பையில் உப்புத் தேநீர் ஊற்றினார்கள். அப்புறம் கேட்டார்கள்.

“பின்னாடிதானே வந்தே. நீ எப்படிப்பா நின்னே?”

உங்கள் கடிதம் என் கோட்டுப் பைக்குள் இருந்தது. செம்பாறையில் ஒதுங்காதே என்று ஜனவரியிலேயே எழுதிய கடிதம். அதை நான் பதினோரு நாள் கையில் வைத்திருந்தேன், அச்சோ. பத்தாம் தேதி ராத்திரி அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டேன். என் அண்ணனுக்கும் எனக்கும் ஆகாது, அவர் இப்படி எழுதியிருக்கிறார், எதற்கும் பார்த்துப் போங்கள் என்று ஒரு வாய் சொல்லியிருந்தால் போதும். என்னைக் கிண்டல் செய்திருப்பார். செய்துவிட்டு, இறங்கிப் போய்க் குச்சியால் குத்திப் பார்த்திருப்பார். அவர் அப்படிப்பட்டவர். வீட்டு மானம் போகும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். பட்டியல் போகும் என்று நீங்கள் மூடிக்கொண்டீர்கள்.

“பயந்துட்டேன், அச்சே” என்றேன்.

அவர்கள் அடுப்பில் ஒரு வறட்டியைச் செருகினார்கள்.

“அவருக்குப் பயமே கிடையாது. பயந்தது நல்லதாப் போச்சு. உன் பிள்ளைங்களுக்கு நீ இருக்கே” என்றார்கள்.

பிறகு என் கோப்பையை நிரப்பினார்கள். குடித்தேன். திரும்பவும் நிரப்பினார்கள். போதும் என்றால் கோப்பையைக் கையால் மூட வேண்டும். அந்த வீட்டில் கையைத் தூக்க எனக்குத் துணிவு வரவில்லை. அவர்கள் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள், நான் குடித்துக்கொண்டே இருந்தேன்.

ஜிக்மெத்